ஆறாம் படுக்கைக் குழாய்கள்

மலையாளக் கர்க்கடக மாத மழை கோட்டயத்தையே நனைத்துக் கரைத்துக்கொண்டிருந்த காலை அது. வார்டுக்குள் நுழைந்த நர்ஸ் ஆன்ஸி, ஆறாம் படுக்கையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

பக்கவாதத்தில் படுத்திருந்த குஞ்ஞச்சனின் குழாய்கள் அத்தனையும்... மூக்கில் போகும் உணவுக் குழாய், கை நரம்பில் ஏறும் டிரிப், ஆக்சிஜன், எல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்து, கிழித்த துண்டால் அழகாக முடிச்சுப் போட்டு, கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் மகன் சிபி, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நின்றிருந்தான்.

"யார் கட்டினது இது?"

"நான்தான் சிஸ்டர். எல்லாம் தாறுமாறா தொங்கிட்டிருந்துச்சு..."

அவன் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவன். தொங்குகிற ஒயரைக் கண்டால் கை சும்மா இருக்காது.

ஆன்ஸி முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பிறகு, பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் கேட்கும்படியே பேசினாள். கட்டிலின் பக்கத் தடுப்புக் கம்பியை யாராவது கீழே இறக்கினால் மூக்குக் குழாயும் நரம்பு ஊசியும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும். கட்டாகக் கட்டினால் எது எங்கே போகிறதென்று அவசரத்தில் தெரியாது.

"உங்க அப்பச்சன் என்ன, ஸ்விட்ச் போர்டா?"

யாரோ சிரித்தார்கள். சிபியின் காது சிவந்தது. கோபத்தில் ஏதாவது சொல்லுவான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ, "அப்போ எப்படி வைக்கணும்? சொல்லிக்குடுங்க" என்றான்.

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள்... தூக்கமில்லாமல் சிவந்த, மழைக்கு ஒதுங்கினவனைப் போல் தயங்கி நிற்கிற கண்கள்.

சே, கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டோமோ?

சொல்லிக்கொடுத்தாள். உணவுக் குழாய் தலைமாட்டுப் பக்கம் தனியாக. டிரிப் இன்னொரு பக்கம். மூத்திரப் பை இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். எதைத் தொடும் முன்பும், அது உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அங்கிருந்து விரலாலேயே தொடர்ந்து வந்து, இதுதான் என்று தெரிந்த பிறகே தொடவேண்டும்.

மறுநாளிலிருந்து அப்பச்சனைப் புரட்டிப் படுக்க வைக்க அவள் வந்தால், சிபி முதலில் குழாய்களைக் கையில் ஏந்திக்கொள்வான். ஒவ்வொரு குழாயிலும் ஒட்டும் சீட்டை அவனே எழுதினான். முத்து முத்தான எழுத்து. ஒருநாள் சீட்டு ஒட்டும்போது இரண்டு பேர் விரலும் ஒரே இடத்தில்... அவள் கையை எடுக்க ஒரு நொடி தாமதமானது. ஜன்னலுக்கு வெளியே மழை என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அன்று முழுக்க அவளுக்கு யார் கூப்பிட்டாலும் முதல் தடவையில் காதில் விழவில்லை.

ஏழாம் நாள் மதியம். இரண்டு நர்ஸுகள் லீவு. ஆன்ஸி ஒருத்தியாகப் பன்னிரண்டு படுக்கைகளுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். கஞ்சித் தண்ணீர் நிறைத்த சிரிஞ்சோடு ஆறாம் படுக்கைக்கு வந்தாள். மனது எட்டாம் படுக்கைக்காரரின் காய்ச்சலில் இருந்தது. கை தானாக ஒரு குழாயின் வாயைத் திறந்தது.

குறுக்கே ஒரு உள்ளங்கை வந்து, குழாயின் வாயை மூடியது.

"சிஸ்டர்..." சிபி மெதுவாகத்தான் சொன்னான். "உடம்புலேருந்து பாத்துட்டு வாங்க."

அவள் விரல் குழாயைத் தொடர்ந்து போனது. அது மூக்குக்குப் போகவில்லை. நரம்புக்குப் போனது.

கஞ்சி... ரத்தத்தில்.

அவன் யாரையும் கூப்பிடவில்லை. அவள் அந்த வாயைத் துடைத்து மூடி, சரியான குழாயைத் தேடி, கஞ்சியைக் கொடுத்து முடிக்கும்வரை கூடவே நின்றான்.

அதன்பிறகு ஆன்ஸி ஆறாம் படுக்கைப் பக்கம் வரவில்லை. வேலையை இன்னொருத்திக்கு மாற்றிக்கொண்டாள். ஊர் கேட்கத் திட்டினவள் அவன் முகத்தில் எப்படி விழிப்பாள்? தூரத்தில் அவன் தலை தெரிந்தாலே மருந்து அறைக்குள் புகுந்துகொண்டாள். அவனோ, தான் குறுக்கே கை நீட்டியது அவளுக்குப் பிடிக்கவில்லை போல என்று மருகினான். குழறும் பேச்சு கொஞ்சம் தெளிந்திருந்த குஞ்ஞச்சன், அந்தக் கொச்சுப் பொண்ணு எங்கே என்று தினமும் கேட்டார்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. குழாய்கள் எல்லாம் எடுத்தாகிவிட்டன. அப்பச்சன் தானாகவே கஞ்சி குடித்தார். வண்டிக்காகப் போர்ட்டிகோவில் காத்திருந்த சிபி, படியோரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆன்ஸியைக் கண்டான். அப்பச்சனை, கூட வந்திருந்த தன் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தான்.

"அன்னிக்கு நடந்ததை நான் யார்கிட்டயும் சொல்லலை. பயப்படாதீங்க."

"நான் சொல்லிட்டேன்."

"என்னது?"

"அன்னிக்கே ஹெட் நர்ஸ்கிட்ட சொல்லி, எழுதியும் குடுத்துட்டேன். ஆள் குறைவா இருந்தா கஞ்சி குடுக்கிறப்ப இன்னொருத்தர் கூட நின்னு பாக்கணும்னு இப்ப மாத்திட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "அவங்க திட்டினதுகூட வலிக்கலை. உங்க முன்னாடி தப்பு பண்ணினதுதான்..."

அவன் அவளையே பார்த்தான். மறைத்திருந்தால் யாருக்கும் தெரியாது... இவள் தானே போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"தம்பி மூணாம் நாளே, நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்னான்," என்றான் சிபி. "நான் போகலை. அப்பச்சனுக்காகன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். பொய். பாதி பொய்."

"மீதிப் பாதி?"

"மீதிப் பாதி நீங்கதான்... எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு ஆன்ஸி."

சாரல் அவள் முகத்தில் தெறித்தது. துடைக்காமல் நின்றாள். வண்டி வந்து ஹார்ன் அடித்தது.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு எங்க பப்பா வீட்டுலதான் இருப்பாரு," என்றாள், படியைப் பார்த்துக்கொண்டே. "வந்து பொண்ணு கேளுங்க."

"என்ன சொல்வாரு?"

"தெரியலை. எப்படியும் என்கிட்ட கேப்பாரு." அவள் நிமிர்ந்தாள். "நான் சரின்னு சொல்லிடுவேன்."