நிலவறை வாசலில் நின்றவன்

வாசலில் வைத்த விளக்கு மூன்றாம் முறையும் அணைந்தது.

காற்று இல்லை. தெருக்கதவு சாத்தியிருந்தது, கடிதம் போடும் துவாரத்தையும் வைத்தியநாதன் பழைய காலுறையால் அடைத்திருந்தான். மண் சிட்டியில் எண்ணெய் தளும்ப இருந்தது, திரியும் புதிது. ஆனாலும் எரிகிற குச்சியைத் தரைக்குக் கொண்டுபோகும்போதே சுடர் சுருங்கி, நீலம் பாரித்து, யாரோ இரண்டு விரலால் நசுக்கினது போல ஒடுங்கியது. அடுத்த குச்சியைக் கிழித்துச் சப்பாத்துத் தட்டின் மேலிருந்த விளக்கில் பிடித்தான். முழங்கால் உயரத்தில் அது சாதுவாகப் பற்றி, அசையாமல் எரிந்தது.

2004 நவம்பர், கார்த்திகை விளக்கீட்டு நாள். லண்டன் வால்தம்ஸ்டோவில் நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. மனைவி பாலாம்பிகைக்கு முதியோர் இல்லத்தில் மத்தியான ஷிப்ட், எட்டரைக்குத்தான் வருவாள். போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "இஞ்சேருங்கோ, பதின்மூண்டு சிட்டியிலயும் எண்ணெய் விட்டு வைச்சிருக்கிறன். வாசலிலை, மாடிப்படியிலை, மேலை அறையிலை. கொளுத்திறது மட்டும்தான் உங்கடை வேலை. அதையும் குழப்பிப்போட்டு நிக்காதேங்கோ."

வாசலை விட்டுவிட்டு மாடிப்படிகளுக்குப் போனான். ஒன்றுவிட்டு ஒரு படியில் ஏழு விளக்குகள், மேல் அறையில் நாலு. எல்லாம் எரிந்தன. இரண்டு வயது மகள் தர்ஷினி காற்சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். அவளுக்கு ஒரு சொல்லுத்தான் வேதம். யாரைக் கண்டாலும் இரண்டு கையையும் விரித்து, "தூக்கு!" வீட்டுக்கு வருகிறவர்களில் உயரமானவர்களாகப் பார்த்துப் பிடிப்பாள்.

மணம்தான் அவனை வதைத்தது. மூன்று கிழமையாக இருக்கிறது. நசுங்கிய திராட்சை, ஊறின மரம், ஈரச் சுண்ணாம்பு, இவற்றுக்கடியில் மூக்கின் அடித்தட்டைக் குத்துகிற ஒரு புளிப்பு. "எனக்கொண்டும் மணக்கேல்லை. உங்கடை மூக்குக்கு வயசு போட்டுது" என்று பாலாம்பிகை சிரித்தாள். காஸ்காரன் ஒருவன் மீற்றரோடு வந்து வீடு முழுக்க அலைந்தான். மாடிப்படிக்கு அடியில் ஒரு குட்டைக் கதவு உண்டு. அதற்குப் பின்னால் பதினொரு படி இறங்கினால் அந்தக் காலத்து நிலக்கரி அறை. அதற்குள்ளும் இறங்கிப் பார்த்தான். எல்லாம் சரி என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். வைத்தியநாதன் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டான். மணம் அந்தக் கதவுக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

அதை அவன் அறிவான். அந்த மணத்துக்கு ஓர் ஊர் உண்டு.

பிரான்சில் வோரென். டிஜோனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். நாற்பது வீடு, ஒரு கோயில், மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. எண்ணூறு வருடத்துக்கு முன்னர் மடத்துச் சாமிமார் முதல் கொடியை நட்டார்களாம். பிறகொரு காலத்தில் வேரைத் தின்னும் பூச்சி வந்து சரிவு முழுவதையும் விறகாக்கிவிட, பாதிச் சனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. நின்றவர்கள் அமெரிக்க வேரில் தங்கள் கொடியை ஒட்டி மறுபடி தொடங்கினார்கள். அந்தப் பிடிவாதம் பேரப்பிள்ளைகளின் முகத்திலும் அப்படியே இருந்தது. வாயைத் திறந்தால் வைன் கெட்டுவிடும் என்பது போலத்தான் இருப்பார்கள். வணக்கம் சொன்னால் யன்னல் பலகையைச் சாத்துவார்கள். மூன்று அறுவடைக்கு வந்தவனுக்குத்தான் பெயர் சொல்லி ஒரு கூப்பிடுதல்.

வீட்டுக்கு வீடு, கீழே சுண்ணக்கல்லைக் குடைந்த நிலவறை. சாறு புளித்துப் பொங்கும் கிழமைகளில் அதிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுத் தண்ணீர் போல அடியில் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது. இறங்கினவன் நித்திரைக்குச் சாய்கிறது போலச் சாய்ந்துவிடுவான். அப்படிப் போனவர்களின் பெயர்களை வாசற்கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். ஆகையால் ஊருக்கு ஒரு சட்டம். இறங்குகிறவன் மெழுகுதிரியை முழங்காலுக்குக் கீழே பிடிக்க வேண்டும். இன்னொருவன் வாசலில் நின்று அவன் பெயரைக் கூப்பிட்டபடி இருக்க வேண்டும். பதில் வராவிட்டாலும் நிறுத்தக் கூடாது; ஆள் வெளியே வரும்வரை கூப்பிட வேண்டும். பாதியில் நின்ற குரலைத் தேடிக் கீழே இருப்பவன் வருவான் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

1991 ஒக்டோபரில் இறங்கியவன் பத்மநாதன், வைத்தியநாதனோடு அறுவடை வேலைக்கு வந்தவன். ஆறடி நாலு அங்குலம். எல்லாருக்கும் அவன் "பனை". நிலவறைக் கதவால் மூன்றாக மடிந்துதான் நுழைவான். வாசலில் நின்றவன் வைத்தியநாதன்.

"அண்ணை, வடிவாக் கூப்பிடுங்கோ" என்று குனிந்துகொண்டே சொன்னான் பனை. "கழுதைக் குரல் எண்டாலும் எனக்கு அதுதான் துணை."

கூப்பிட்டான். "பத்மநாதன்!" கீழிருந்து, "ஓம் அண்ணை!" மறுபடி. "ஓம் அண்ணை!" மூன்றாம் முறை பதில் இல்லை. நாலாம் முறைக்கு வாயைத் திறந்தபோது முற்றத்தில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. இரண்டு பேரிடமும் ஒரு துண்டு விசா இல்லை. பொலிஸ். வாய் தானாக மூடிக்கொண்டது. பீப்பாய்களுக்குப் பின்னால் குந்தியிருந்து கால் மணித்தியாலம் மூச்சையும் அடக்கினான்.

அது ரொட்டிக்காரனின் வான்.

பனை மேலே வரவேயில்லை. வைத்தியநாதன் அன்று பொழுதுபடமுன் ஊரை விட்டு ஓடியவன்தான். லண்டன், விசா, கலியாணம், பிள்ளை. பாலாம்பிகைக்கு அவன் இதைச் சொன்னதேயில்லை.

ஐந்தரைக்கு ஹோலில் டெலிபோன் அடித்தது. பாரிசிலிருந்து செபமாலைமுத்து, அந்த அறுவடையில் கூட நின்றவன், நடந்ததை அறிந்த ஒரே ஆள்.

"வைத்தி, வோரெனுக்குப் போட்டு வந்தனான். முதலாளியம்மா செத்துப்போச்சு. மதாம் ரொனார்."

"எப்ப?"

"மூண்டு கிழமை." முத்து இருமினான். "கேள். பதின்மூண்டு வருசமா அந்த மனிசி ஒவ்வொரு நாளும் பொழுதுபடேக்கை நிலவறை வாசலிலை கதிரை போட்டிருந்து பனையின்ரை பேரைக் கூப்பிட்டதாம். பத்-மா-நா-தா எண்டு. பாதியிலை நிண்ட கூப்பிடுதலை ஆரும் எடுத்தால் பிறகு விடக்கூடாதாம். எங்களோடை ஒரு நாளும் சிரிச்சுக் கதையாத மனிசி, வைத்தி."

வைத்தியநாதன் டெலிபோன் வயரை விரலில் சுற்றினான்.

"இப்ப கூப்பிட ஆளில்லை. மகன்காரன் என்னட்டைக் கேட்டவன், முதல் நிண்டவன் எங்கை எண்டு. உனக்கு அங்கை ஏதும்... ஒண்டுமில்லைத்தானே?"

"தரையிலை விளக்கு எரியுதில்லை, முத்து."



"கூப்பிடு. நீ விட்ட இடத்திலயிருந்து கூப்பிடு. என்ன வந்தாலும் நிப்பாட்டாதை."

திரும்பினான். சப்பாத்துத் தட்டின் மேலிருந்த விளக்கு அணைந்திருந்தது. குட்டைக் கதவுக்கு முன்னால், மிதியடியில் கன்னத்தை வைத்து, தர்ஷினி படுத்திருந்தாள். நித்திரைக்குச் சாய்கிறது போல.

அள்ளினான். தலை துவண்டு பின்னால் விழுந்தது. தோளுக்கு மேல் உயர்த்திப் பிடித்து முதுகில் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்றாம் தட்டுக்கு இருமினாள், அழுதாள். தெருக்கதவுக்கு நாலு எட்டுத்தான். இரண்டாம் எட்டில் கால் மரத்துத் துணியாக மடிந்தது. விழுந்தால் எழும்ப ஏலாது. பிள்ளையும் கீழே. சுவரைப் பிடித்துத் திரும்பி மாடிப்படிகளில் ஏறினான். முதல் விளக்கைத் தாண்டினான். அது அணைந்தது. மற்றதைத் தாண்டினான். அதுவும்.

மேல் அறை யன்னல் திறக்காது. கள்ளருக்குப் பயந்து வீட்டுக்காரன் திருகாணி போட்டிருந்தான். மோபைல் கீழே கோட்டுப் பையில். ஏழு விளக்கில் ஐந்து மிச்சம். அவன் படித்தலைப்பில் நின்றான், பிள்ளையை மார்போடு இறுக்கினான், பதின்மூன்று வருடமாக வாயில் வராத பெயரைக் கூப்பிட்டான்.

"பத்மநாதன்!"

வீடு காது கொடுத்தது. பிறகு, வெகு ஆழத்திலிருந்து, சுண்ணக்கல்லில் பட்டுத் தேய்ந்து:

"ஓம் அண்ணை."

விடவில்லை. "பத்மநாதன்!" "ஓம் அண்ணை." "பத்மநாதன்!" "ஓம் அண்ணை." விளக்குகள் நின்று எரிந்தன. ஐந்தும். புளிப்பு இறங்கியது போல இருந்தது. தர்ஷினி அழுகையை விட்டு, தகப்பனின் வாயை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டே கூப்பிட்டான். கூப்பிடலாம். எட்டரை வரைக்கும் கூப்பிடலாம், பாலாம்பிகை வந்து கதவைத் திறந்து விடுவாள், பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி, இருவரும் மாறி மாறி, சாகும்வரைக்கும் கூப்பிடலாம். அந்தக் கிழவி கூப்பிட்டாளே. முகம் கொடுத்தும் பேசாத ஒருவனை. "பத்மநாதன்!" "ஓம் அண்ணை." குரல் கம்மியது. கம்மின குரலாலேயே கூப்பிட்டான்.

தெருவில் ஒரு வான் வந்து நின்றது.

வெள்ளை. கதவுக் கண்ணாடியினூடாக முன்விளக்கு ஹோல் சுவரில் ஓடியது. இழுகதவின் சத்தம். காலடி. பிறகு தெருக்கதவில், கனமாக, இரண்டு தட்டு.

வாய் மூடிக்கொண்டது.

அவனிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை. அது பார்சல்காரன், பாலாம்பிகை ஏதோ ஓடர் பண்ணியிருந்தாள். எல்லாம் புத்திக்குத் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை. குந்தியிருந்தான். மூச்சையும் அடக்கியிருந்தான். பிள்ளையின் வாயைக் கை பொத்தியிருந்தது.

கதவிடுக்கில் ஒரு காகிதம் செருகப்பட்டது. வான் போய்விட்டது.



"அண்ணை?"

கீழே. பதிலாக இல்லை. கேள்வியாக.

"பத்..." காற்றுத்தான் வந்தது. குரல் வரவில்லை.

"நிக்கிறியளே அண்ணை?" சிறிது பொறுத்து, "சரி. நான் வாறன்."

படி. படி. படி. ஆறுதலாக. பதினொன்று. கொண்டி விழுந்தது. குட்டைக் கதவு திறந்தது. மூன்றாக மடிந்த ஒன்று அதனூடாக வந்து, எலும்பு எலும்பாக நிமிர்கிற சத்தம். நிமிர்ந்து முடிய வெகு நேரம் எடுத்தது.

முதல் விளக்கு போயிற்று.

இரண்டாவது.

"பத்மநாதன்!" இப்போது வந்தது. பிந்திவிட்டது. மூன்றாவது போயிற்று. நாலாவது. ஐந்தாவது. அவன் பின்னால் நகர்ந்து அறைக்குள் போய்ச் சுவரில் முதுகை முட்டினான். கட்டிலுக்கருகே தரையில் வைத்த விளக்கு அணைந்தது. கட்டில் உயரத்து விளக்கு. மேசை விளக்கு. கால் தெரியவில்லை. இடுப்புத் தெரியவில்லை. பிள்ளையை மார்புக்கு உயர்த்தினான். தோளுக்கு. அலுமாரி உச்சியில், அவன் நாடி உயரத்தில், கடைசி விளக்கு நீலமாகியது. பிள்ளையைத் தலைக்கு மேலே, எட்டும் மட்டும் தூக்கிப் பிடித்தான். அங்கே மட்டும் காற்று இருந்தது. மேலே அவள் மூச்சு விடுவது கேட்டது. அது போதும். அது மட்டும் போதும்.

விளக்கு அணைந்தது.

இருட்டில் தர்ஷினி சிரித்தாள். அவனைப் பார்த்தல்ல, அவன் தலைக்கு மேலே, இன்னும் உயரத்தில், எதையோ பார்த்து. இரண்டு கையையும் விரிப்பதை அவன் விரல்கள் உணர்ந்தன.

"தூக்கு" என்றாள்.

அவன் கைகளில் பாரம் குறைந்தது.