செவ்வல்லிக் குளத்து மதகு

மாலைக் கதிரவன் மேற்குமலைக்கு அப்பால் இறங்கிய வேளையில் கீழ்வானத்தில் முழுமதி எழுந்து, நெடுங்கோட்டையின் மதில்களையும் கொத்தளங்களையும் வெள்ளியில் தோய்த்தெடுத்துக்கொண்டிருந்தது. மதிலுக்கு வெளியே முற்றுகையிட்டிருந்த மழுவூர்ப் படையின் பாசறைத் தீக்கள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. உள்ளே, அரண்மனைக் குளத்தில், செவ்வல்லிகள் இதழ்விரித்துக்கொண்டிருந்தன.

அந்த அல்லிகள் இளவரசி அரிஞ்சிகையின் செல்வங்கள். சென்ற ஆண்டு குளம் நிறைய இலை இருந்தும் ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. முற்றுகைக்குச் சற்று முன் வேலைக்கு வந்த தோட்டக்காரன் சாத்தன்தான், கிழங்குகள் நெருங்கிப்போனதைக் கண்டு சொன்னான். இருவருமாகச் சேற்றில் இறங்கிக் கிழங்குகளைப் பிரித்தார்கள்; மட்கிய சாணம் கலந்த களிமண்ணில், குருத்து மேலே தெரியும்படி நட்டார்கள். வாசகர்களே, சேற்றுக்குள் இரு கைகள் தற்செயலாகத் தொட்டுக்கொண்டதையும், அவற்றை விலக்கிக்கொள்ள இருவருமே அவசரப்படாததையும் நாம் பார்த்தும் பாராததுபோல் கடந்துவிடுவோம்.

இன்றோ, குளத்தில் நீர் வடிந்துகொண்டிருந்தது. மதகைத் திறந்துவிட்டுச் சாத்தன் படியில் நின்றிருந்தான். நீருக்கடியில் மறைந்து கிடந்த சுரங்கக் கால்வாய், ஓர் ஆள் குனிந்து நுழையுமளவு வாய் திறந்திருந்தது. அது மதிலுக்கடியில் ஓடி வெளியே காட்டில் முடிவது, அப்போது அங்கே வந்த அரிஞ்சிகைக்குத் தெரியும்.

அவள் இடைக்கச்சிலிருந்து குறுவாளை உருவினாள்.

"நடும்போது கணுக்காலளவு நீர் போதும் என்றாய். இலை வளர வளர நீரை ஏற்றச் சொன்னாய். பூத்திருக்கும் நாளில் எந்தத் தோட்டக்காரனாவது நீரை வடிப்பானா? நீ மழுவூர் ஒற்றன்."

"ஒற்றன் அல்ல, தேவி. வெளியே நிற்கும் படை என்னுடையது. நான் மழுவூர் இளவரசன் சேந்தன்."

அவள் வாளைத் தாழ்த்தவில்லை.

"இந்த வழியாகப் படையை அழைக்கப் போகிறீர்களா?"

"அதற்காகத்தான் வந்தேன். வழியைக் கண்டு வெகுநாளாயிற்று. உங்களைப் பார்த்தபின் அழைக்க மனம் வரவில்லை. இன்று நான் வெளியேற மட்டுமே நீரை வடித்தேன்."

குளக்கரை மண்டபத்துக்கு அப்பால் காவலர்கள் இருந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் பகைப்படையின் தலைவன் அவள் தந்தையின் சிறையில் இருப்பான். ஆனால் அவனை மீட்க அந்தப் படை இன்னும் மூர்க்கமாகப் போரிடும் என்பதை அவள் நினைத்தாள். வாளின் பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"இதைத் தொட்டு ஆணையிடுங்கள். விடியுமுன் முற்றுகை விலக வேண்டும்."

சேந்தன் பிடியில் கை வைத்தான். "விலகும். மழுவூர்க் குலத்தின் மீது ஆணை. அதன்பின் தலைவாயில் வழியாக, வாளின்றி, உங்கள் தந்தையிடம் பெண் கேட்டு வருவேன்."

"வாருங்கள்," என்றாள் அரிஞ்சிகை. "அதுவரை இந்தக் குளத்துக்கு வேறு தோட்டக்காரனை வைக்கமாட்டேன்."

அவன் சுரங்கத்துக்குள் குனிந்து மறைந்தான். காலடியோசை ஓய்ந்ததும் அவள் மதகை இறக்கி, குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஊற்றுக்காலைத் திறந்துவிட்டாள். நீர் ஏறி வழியை மூடியது.

கீழ்வானம் வெளுக்கையில் மழுவூர்ப் பாசறையில் கூடாரங்கள் சரிந்துகொண்டிருந்தன.