மூசைக்கும் கண்ணாடிக்கும் நடுவில்

பூச்சு ஏறி வந்த கண்ணாடியின் ஓரத்தில், சுண்டுவிரல் அகலத்துக்கு ஓரிடம் மட்டும் வெறுமனே விடுபட்டிருந்தது. சீனியம்மாள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கென்றால் பூச்சு அங்கே மங்கியிருக்கும், இல்லை உரிந்திருக்கும். இதன் விளிம்போ கத்தியால் வெட்டியெடுத்த மாதிரி இருந்தது. காற்றை உறிஞ்சிய கூண்டுக்குள் உலோக ஆவி வளைந்து நெளிந்து போகாது, நேர்கோட்டில்தான் போகும். வழியில் ஏதாவது நின்றால் அதன் நிழல் அப்படியே கண்ணாடியில் விழும்.

ஆக, உள்ளே ஏதோ நின்றிருக்கிறது.

"மலையாண்டி அண்ணே, கூண்டுக்குள்ள எதையாச்சும் விட்டுட்டு மூடிட்டீகளா?"

உலைக்கு முன்னால் குந்தியிருந்த உதவியாள் மலையாண்டி நிமிரவில்லை. "நான் எதுக்குத் தங்கச்சி விடுறேன்? நீங்கதான கூடவே நின்னீக."

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டியிருந்த அந்தத் தகரக் கொட்டகையில், சினிமா புரொஜெக்டர்களுக்குக் குழிக் கண்ணாடி செய்தார்கள். பெரிய குடத்தைக் கவிழ்த்தது போன்ற கண்ணாடிக் கூண்டு. அதற்குள் மேலே கண்ணாடியை முகம் கவிழ்த்து மாட்டுவார்கள். கீழே மூசை, உள்ளங்கைக்குள் அடங்கும் பீங்கான் கிண்ணம். அதில் அலுமினியத் துண்டைப் போட்டு, பம்ப்பால் காற்றை உறிஞ்சிவிட்டு, மூசையைச் சுற்றியுள்ள கம்பியில் கரண்டை விட்டால், அலுமினியம் உருகி ஆவியாகி மேலே போய்ப் படியும். தொல்லையெல்லாம் மூசையால்தான். உருகிய அலுமினியம் அதை அரித்துத் தின்னும். ஆறும்போது டப்பென்று வெடிக்கும். மூன்று சூடு தாங்கினாலே பெரிது.

உடையாத மூசை செய்து தரத்தான் முதலாளி கண்ணுச்சாமி அவளை வேலைக்கு எடுத்திருந்தார். அடுத்தவர் வயலில் நாற்று நட்டே அவளைப் பௌதிகம் படிக்கவைத்தவள் அவள் அம்மா. "தீபாவளிக்குள்ள ஆகலன்னா வேற வேல பாத்துக்கம்மா" என்று முதலாளி சொன்னதை வீட்டில் அவள் இன்னும் சொல்லவில்லை.

கடைசியாகச் சுட்ட மூசை தாங்கியது. அடிப்பக்க மூலையை வளைவாக்கி, விளிம்பைத் தடிப்பாக்கியிருந்தாள். ஏற்கெனவே சுட்ட மண்ணை இடித்துக் கலவையில் சேர்த்தால் சூட்டில் சுருங்காது, வெடிக்காது என்று சொன்னதும் அவள்தான். சுட்ட மண்ணைக் கொண்டுவந்தது மலையாண்டி. ஒரு வாரமாகத் தினமும் சூடேறியும் அந்த மூசையில் மயிரிழைக் கீறல்கூட இல்லை.

நிழல் மட்டும் வளர்ந்தது. மறுநாள் இரண்டு. அடுத்த நாள் நான்கு, விரித்து வைத்த விரல்களைப் போல.

கண்ணுச்சாமி அதைப் பொருட்படுத்தவேயில்லை. "கழுவிட்டு மறுபடியும் பூசிக்கிருவோம். மூசை நிக்குதுல்ல, அம்புட்டுத்தான்."

மலையாண்டிதான் ஏதோ செய்கிறான் என்று அவள் முடிவுகட்டினாள். பொம்பளையின் கீழ் வேலை பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. கரண்டைப் போடும் நேரம் பார்த்து பீடி குடிக்க வெளியே போய்விடுகிறான். ஆறிப்போன மூசையைக்கூட இடுக்கியால்தான் எடுக்கிறான். சுட்ட மண் எங்கே கிடைத்தது என்று கேட்டால், "ஒடஞ்ச ஓடுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஆனால் டீ கிளாஸைப் பிடித்திருந்த அவன் விரல்களை அவள் ஓரக்கண்ணால் பார்த்திருந்தாள். தடித்த, குட்டை விரல்கள். கண்ணாடியில் விழுந்தவை மெல்லியவை. நீளம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐப்பசி மழை தகரத்தில் இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தபோது, முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு அவள் தனியாக வந்தாள். கதவைத் தாழிட்டாள். கூண்டைத் தானே கழுவித் துடைத்தாள். கூண்டுச் சுவரில் பூச்சு படியாமலிருக்க உள்ளே சுற்றிவைக்கும் தகட்டைப் போடவில்லை. எந்த மறைப்பும் இல்லாமல் பார்த்துவிட வேண்டும். மூசை, கம்பி, மேலே கண்ணாடி. வேறெதுவும் இல்லை. விளக்கைப் பிடித்து மறுபடியும் பார்த்தாள். வேறெதுவும் இல்லை. பம்ப் உறுமத் தொடங்கியது. சூடான எண்ணெயும் ரப்பரும் கலந்த வாடை அறையை நிறைத்தது, மழை இருட்டு ஜன்னலில் அப்பிக்கொண்டது, அழுத்தமானியின் முள் மெல்ல மெல்ல இறங்கி அடியில் போய் நின்றது. உள்ளே இப்போது காற்றென்று சொல்ல ஒன்றுமில்லை.

கரண்டைப் போட்டாள். மூசை சிவந்தது.

கதவு தடதடத்தது.

"தங்கச்சி! உள்ளயா இருக்கீக?" மலையாண்டியின் குரல். "நீங்க வந்திருக்கீகன்னு மொதலாளி சொன்னாக. கரண்டப் போட்றாதீக!"

"ஏண்ணே? நீங்க உள்ள எதையும் வைக்கலன்னா நெழல் விழாதுன்னு தெரிஞ்சிருமேன்னா?"

"நான் ஒண்ணும் வைக்கல. கதவத் தெறங்க."

"அப்ப வெளியவே நின்னு சொல்லுங்க. அந்த மண்ணு எது?"

கதவிடுக்கில் வாய் வைத்துப் பேசுகிறவன் போல, தணிந்த குரலில்: "கெணறு வெட்டயில தாழி கெடச்சுச்சு தங்கச்சி. அந்தக் காலத்துல ஆளப் பொதைக்கிற தாழி. நல்லா வெந்த மண்ணுன்னு ஒடச்சு இடிச்சுட்டேன்."

"உள்ள?"

"எலும்பு. குத்தவச்சு ஒக்காந்த மாதிரி. அதையும் சேத்துத்தான் இடிச்சேன்."

அவன் தன் வேலை போகக்கூடாதே என்று பயந்து சொன்ன பொய்யா இது? இல்லை, தன்னைப் பயமுறுத்தி விரட்டவா? அவள் திரும்பினாள்.

அலுமினியம் ஆவியாகத் தொடங்கியிருந்தது. கூண்டின் சுவர் கீழிருந்து மேலாக வெள்ளியாக மாறிக்கொண்டு வந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. வெளிறி, வேர்த்து.

அந்த முகத்தில் ஓரிடம் விடுபட்டது. நெற்றி.

பிறகு மூக்கு. பிறகு உதடு.

அவள் முகம் இருந்த இடத்தில் பூச்சு ஏறாத வேறொரு முகம், கூண்டின் கண்ணாடியோடு நசுங்க ஒட்டிக்கொண்டு, தெளிந்துவந்தது. இருபக்கமும் இரண்டு உள்ளங்கை. கீழே, ஒன்றையொன்று தொட்டபடி, இரண்டு முழங்கால்.

விளக்கு அணைந்தது.

"கரண்டு போச்சு தங்கச்சி!" வெளியே அவன் கத்தினான். "வெளிய வாங்க!"

பம்ப் இழுத்து இழுத்து உறுமி நின்றது. கூண்டின் சுவர் முழுக்க இருட்டு. பூச்சு ஏறாத அந்த இடங்களில் மட்டும், ஆறாத மூசையின் வெளிச்சம் சிவப்பாகக் கசிந்தது. சிவந்த கைகள். சிவந்த முகம்.

கூண்டின் அடி விளிம்பிலிருந்த ரப்பர் வளையத்திலிருந்து சன்னமாக ஒரு சீற்றம். காற்று உள்ளே போகிறது. அழுத்தமானியின் முள் அசைந்தது. ஏறியது.

அந்த உதட்டின் மேல், கண்ணாடியின் உள்பக்கத்தில், வட்டமாக ஆவி படிந்தது.

மறைந்தது.

மறுபடியும் படிந்தது. முன்னைவிடப் பெரிதாக.