மொட்டைச்சாமிக்கு ஊற்றிய தண்ணீர்

காலையில் தண்ணீர் ஊற்றினால் மொட்டைச்சாமியின் கற்சிலை உச்சி வெயிலிலும் ஈரமாகவே இருக்கும். இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே காய்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, மொட்டைத்தலையிலிருந்து கன்னம் வரை பட்டாசு மருந்தில் கலக்கும் வெள்ளிப்பொடி வழிந்து பொருக்குத் தட்டியிருந்தது. வள்ளித்தாய் அதை விரலால் சுரண்டிப் பார்த்தாள்.

ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே, பட்டாசுக் கம்பெனியின் பின்வேலியை ஒட்டிக் கூரையில்லாத புத்தர் கோயில். அதைக் கட்டிய பிக்குதான் அங்கே கல்லாக உட்கார்ந்திருக்கிறார் என்பது ஊர்ப்பேச்சு. கோயில் தீப்பிடித்தபோது எல்லாரும் ஓட, அவர் மட்டும் சம்மணத்தைக் கலைக்காமல் அத்தனை நெருப்பையும் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டாராம். தினம் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினால் அடங்கிக் கிடப்பார். வெடிமருந்து பட்டால் எழுந்துவிடுவார். எழுந்தால், அந்த நெருப்பைச் சுமக்க இன்னொருவர் உட்கார வேண்டும். அதனால்தான் மருந்தைத் தொடுவதற்கு முன்பே பெண்கள் முறை வைத்து ஊற்றுவார்கள். இன்று அவள் மகள் பிரீத்தியின் முறை.

கம்பெனி ஷெட்டுக்கு ஓடினாள். பிரீத்தி வெடிகளுக்குத் திரி செருகிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, எந்தத் தண்ணிய ஊத்துன?”

“தண்ணி லாரி வரலம்மா. வாசல்ல கை கழுவுற தொட்டியில மோந்து ஊத்துனேன். தண்ணி தண்ணிதான?”

“மருந்துக்கை கழுவுன தண்ணியவா? தாயைப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்கலாமாட்டி? பாவி மகளே!”

குடிக்க வைத்திருந்த குடத்தை இடுப்பில் ஏற்றினாள். போர்மேன் கதிரவன் மறித்தான்.

“எங்க போறீக? லோடு நிக்குது. சீசன் நேரத்துல சாமியாவது பூதமாவது!”

“விலகுலே!”

வெயிலில் கருவேலங்காய்கள் கலகலக்க, கந்தக வாடை மூக்கை அரிக்க, குடத்துத் தண்ணீர் தளும்பிச் சேலையை நனைக்க, மகளைத் திட்டிக்கொண்டும் அந்த மொட்டைச்சாமியிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டும் நடந்தாள். வேலியருகே கந்தக வாடை நின்றுவிட்டது. முடி கருகும் வாடை வந்தது.

பீடம் வெறுமையாக இருந்தது.

காய்ந்த புல்லில் பாதம் பாதமாகக் கருகல். ஷெட்டைப் பார்த்துப் போயிருந்தது.

“எம்புள்ள!”

திரும்பி ஓடினாள். எதிரே பெண்கள் அலறியபடி ஓடிவந்தார்கள். முன்னால் கதிரவன். ஒருவரும் நிற்கவில்லை.

உள்ளே பிரீத்தி மட்டும். சம்மணமிட்டிருந்தாள். மடியில் கைமேல் கை. பாதி மூடிய கண்கள். முகம் சாம்பல் நிறம். சுற்றிலும் சுவர் உயரத்துக்கு வெடிகள்.

வள்ளித்தாய் குடத்தைச் சாய்த்தாள்.

முடி நனையவில்லை. ஸ்ஸ்ஸ் என்று ஆவி கிளம்பியது.

“நிப்பாட்டிராதம்மா.” உதடு அசையவில்லை. குரல் மகளுடையதுதான். “உள்ள எரியுதும்மா.”

ஊற்றினாள். கொஞ்சம் கொஞ்சமாக. சிறங்கை சிறங்கையாக. வாசல் தொட்டி நிறையத் தண்ணீர் கிடந்தது, வெள்ளிப்பொடி மின்ன. அதைத் தொட முடியாது.

குடம் இலேசாகிக்கொண்டே வந்தது. கவிழ்த்து உலுக்கினாள். ஒரு சொட்டு விழுந்தது.

லாரி இன்னும் வரவில்லை.