நின்று எரியாத மெழுகுவர்த்தி

உதவி கேட்டு வந்த அமுதவல்லி மேசைமேல் வைத்த மெழுகுவர்த்திகளைப் பார்த்ததும் கமலவேணிக்கு வயிறு எரிந்தது. அத்தனை அழகு. கடற்கரை விடுதியில் எரிந்து மிஞ்சிய துண்டுகளை வீட்டு அடுப்பில் உருக்கி வடிகட்டி வார்த்தவை என்று யாரும் சொல்ல முடியாது. "என்ன கைவேலை" என்று பலராமன் இரண்டு தரம் சொல்லிவிட்டார். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். துப்புத் துலக்கப் போகும் இடமெல்லாம் கூடவே ஓடுகிற மனைவி கமலவேணியின் சாம்பாரை ஒரு தரம்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

"ஏத்துனா கொஞ்ச நேரம் எரியுது சார், அப்புறம் சிறுத்து அணைஞ்சிடுது" என்றாள் அமுதவல்லி. "நாளைக்கும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னுட்டாரு விடுதிக்கார தேவதாஸ். இத விட்டா எனக்குப் பொழப்பு இல்ல. எல்லாம் என் ஓரகத்தி கலையரசி வேலைதான். திரிக்கு நூல முறுக்கி, நனச்சு, மாடியில காயப்போடுவேன். அவ அங்க வருவா."

"வேற யாரு வருவாங்க?"

"பக்கத்து வீட்டு சின்னப்பாப்பா அக்கா. தேவதாஸ்கிட்ட என்னைச் சேத்து விட்டதே அவங்கதான். அவங்கள சொல்லக்கூடாது."

பலராமன் ஒரு மெழுகுவர்த்தியைப் பிளந்து திரியை உருவினார். அது கம்பியாக விறைத்து நின்றது.

"ஓரகத்திதாங்க, சந்தேகமே இல்ல" என்றாள் கமலவேணி ஆர்வமாக.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "உங்க வீட்டுல சோறு வடிப்பீங்களாம்மா?"

"ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே குக்கர்தான் சார்."

மாலையில் சாரம் பகுதியில் இருந்த அமுதவல்லி வீட்டுக் கூடத்தில் அவளையும் கலையரசியையும் சின்னப்பாப்பாவையும் உட்கார வைத்தார். சின்னப்பாப்பாவின் நூல்புடவை மொடமொடவென்று சத்தம் போட்டது. பலராமன் பையிலிருந்து டிங்சர் அயோடினை எடுத்து அந்தத் திரியில் ஒரு சொட்டு விட்டார். திரி கருநீலமாக மாறியது.

"கஞ்சி பட்டா இப்படித்தான் கறுக்கும்" என்றார். "கஞ்சி ஏறுன திரி மெழுக இழுக்காது, அதான் அணைஞ்சிடுது. குக்கர்ல வேகற வீட்டுல வடிகஞ்சி ஏது? புடவைக்குக் கஞ்சி போடறவங்க வீட்டுல இருக்கும்."

சின்னப்பாப்பா தலைப்பைக் கசக்கினாள்.

"நான்தான் அவள அங்க கூட்டிட்டுப் போனேன்" என்றாள் மெல்ல. "இப்ப தேவதாஸ் என்னப் பாத்தாக்கூட, அமுதா வரலயான்னுதான் கேக்கறாரு. பொறுக்க முடியல."

"என்னை ஒரு வார்த்த கேட்டியா அமுதா?" என்றாள் கலையரசி. அமுதவல்லியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

புறப்படும்போது புதிதாக நனைத்த திரிக்கட்டு ஒன்றை நீட்டினாள் அமுதவல்லி. "இன்னிக்கு உங்க வீட்டுலயே காயட்டும் சார். காலையில வந்து வாங்கி வார்த்துடறேன். உங்க அளவுக்கு யாரையும் நம்ப முடியல."

பலராமன் அதை வாங்கிக் கமலவேணியிடம் கொடுத்தார்.

வீட்டில் கமலவேணி ராத்திரிச் சோற்றை வடித்தாள். திரி ஜன்னல் கொடியில் தொங்கியது. கையில் கஞ்சிச் சட்டி. என்ன கைவேலை, என்ன கைவேலை என்று அவர் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு முக்கு முக்கினால் போதும், யாருக்குத் தெரியும்? அப்போது சின்னப்பாப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. அதில் அவள் தன்னையே பார்த்தாள். வெட்கமாக இருந்தது. சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"கஞ்சியக் கீழ ஊத்திட்டியா கமலா?" என்று கூடத்திலிருந்து பலராமனின் குரல் கேட்டது.

"ஊத்திட்டேங்க" என்றாள் கமலவேணி.