ஈரத்தோடு அடைத்த சுவர்

சுவரில் கசிந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. விடாத மழை, எலும்பு வரைக்கும் இறங்கும் குளிர், குழாயைத் திறந்தால் கை விறைத்துப்போகிற காலம். படுக்கையறைச் சுவரில் வழிந்த நீரைத் துடைத்த துணி மட்டும், யாரோ அப்போதுதான் உடம்பிலிருந்து கழற்றிப் போட்டதைப் போல இளஞ்சூடாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். சுண்ணாம்பு வாசம். அதற்கடியில், மெல்லிசாக, தைல வாசம். தங்கையின் நெஞ்சில் அவள் தேய்த்துவிட்ட அதே தைலம்.

அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் தங்கையின் வீடு இருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். "அக்கா, உன் குக்கர் கத்திக் கத்தி ஓஞ்சு போச்சு, அணைக்கிறியா இல்லையா?" என்று அங்கிருந்து குரல் வரும். "உன் வேலையைப் பாருடி" என்று இங்கிருந்து போகும். போன மழைக்காலத்தில் தங்கைக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. தண்ணீருக்குள்ளிருந்து இழுப்பதுபோல் கொப்பளித்துக்கொண்டு வரும் அந்த மூச்சு சுவரைத் தாண்டிக் கேட்கும். காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும். ஆஸ்பத்திரியில் ஒரு விடியற்காலையில் அது நின்றது.

தங்கையின் கணவர் வீட்டை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவன் இடித்துத் தள்ளினான். மேற்கொண்டு ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. பொதுச்சுவர் மட்டும் மழையில் தனியாக நின்றது. தங்கை அறையின் பச்சைச் சாயமும், அவள் சேலை மாட்டிய ஆணியும் தெருவில் போகிறவர்கள் கண்ணுக்கெல்லாம் படும்படி ஆகிவிட்டன. அந்தப் பக்கம் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

கணவன் ஒரு கொத்தனாரை அழைத்துவந்தான். அவர் வெளியே நின்று, பூச்சு உதிர்ந்த செங்கற்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"இது உள்செவுரும்மா. மழை வாங்கறதுக்குன்னு கட்டினது இல்ல. வீட்டுக்குள்ள இருக்க வேண்டியது நடுத்தெருவுல நிக்குது, பாவம். கல்லுக்கு நடுவுல இருக்கற பழைய கலவையைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசா அடைச்சு, மேல மருந்து அடிச்சா சொட்டுத் தண்ணி எறங்காது. ஆனா மொதல்ல நல்லா காயணும். ஈரத்தோட அடைச்சா உள்ள இருக்கறது உள்ளயே இருந்துடும். வெளிய போக வழி இருக்காது."

"எப்படியோ முடிங்க. எம் பொண்டாட்டி கட்டின புருஷனை விட்டுட்டு இந்தச் செவுத்துக்குத்தான் காவல் இருக்கா" என்றான் கணவன். கொத்தனார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. 'உள்ளயே இருந்துடும்' என்ற இடத்திலேயே அவள் மனசு நின்றுவிட்டது.

தார்ப்பாய் கட்டினார்கள். மழையும் ஓய்ந்து வெயில் வந்தது. சுவர் காயக் காய, சூடு குறைந்தது. வாசம் குறைந்தது. அவள் காலையிலும் மாலையிலும் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். தங்கை போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை பறிகொடுத்தது போதாதா? இன்னொரு தடவை தாங்க அவளால் முடியாது.

கொத்தனார் சட்டிக் கலவையோடு வந்து, ஜன்னல் வழியே கேட்டார்.

"உள்பக்கம் கை வச்சுப் பாத்தீங்களாம்மா?"

"பாத்துட்டேன். நல்லா காஞ்சிடுச்சு" என்றாள், சுவரைத் தொட்ட ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே. அவர் நம்பினார். வீட்டுக்காரி சொல்கிறாள், நம்பாமல் என்ன செய்வார்?

அடுத்து வந்த நாட்கள் நல்ல நாட்களாகவே இருந்தன. அடைத்த சுவர் ஒழுகவில்லை. முதுகை ஒட்டிப் படுத்தால் கதகதவென்று இருந்தது. கணவன் அயர்ந்ததும், "தூங்குடி" என்பாள் மெதுவாக. உள்ளே ஏதோ புரண்டு படுக்கும். அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுபடி மழை பிடித்தது ஒரு பிற்பகலில். கணவன் வேலைக்குப் போயிருந்தான். வானம் மூடி அறை இருட்டிக் கிடக்க, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கோ குழாய் சொட்டுகிறது என்று நினைத்துச் சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள். சொட்டவில்லை. திரும்பி வந்தபோது சத்தம் வளர்ந்திருந்தது. சொட்டு அல்ல. கொப்பளிப்பு. ஒரு இழுப்பு, ஒரு திணறல், மறுபடி இழுப்பு.

அந்த மூச்சு.

நிற்கும் என்று காத்திருந்தாள். அன்று நின்றதே. இப்போதும் நிற்கும்.

நிற்கவில்லை.

சுவரில் கை வைத்தாள். மூச்சுக்கு மூச்சு சுவர் விம்மி இறங்கியது. தங்கை போகத்தான் பார்த்திருக்கிறாள். கசிந்து கசிந்து, கொஞ்சம் கொஞ்சமாக. அவள் வழியை அடைத்தது யார்?

"நான்தான்டி" என்று சுவரோடு சுவராக அழுதாள். "போகவிடாம நான்தான்டி பிடிச்சு வச்சுட்டேன்."

கொத்தனாருக்குப் போன் செய்தாள்.

"மழை விடட்டும்மா. நாளைக்கு வரேன்."

நாளைக்கு. அதுவரை தங்கை மூச்சுத் திணறுவாளா?

சுத்தியலை எடுத்தாள். உளி இல்லை. ஸ்க்ரூடிரைவரை வைத்து அடித்தாள். பூச்சு விழுந்தது. செங்கல் தெரிந்தது. விரல் கிழிந்தது. அடித்தாள். உள்ளே இழுப்பு வேகமானது. கேட்டுவிட்டது தங்கைக்கு.

"வந்துட்டேன். இதோ, வந்துட்டேன்."

செங்கல் அசைந்தது. பாதி கையோடு வந்தது.

உள்ளே இருட்டு. தைல வாசம். சூடான காற்று முகத்தில் பட்டது.

"வாடி. வெளிய வா. எங்க வேணா போ. நான் தடுக்கல."

ஓட்டையின் விளிம்புக்கு இரண்டு உதடுகள் வந்தன. வெளுத்து, ஊறி, தோல் சுருங்கிய உதடுகள். திறந்தன. காற்றை இழுத்தன. ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. பிறகு அவள் பக்கம் திரும்பி, "அக்" என்று தொடங்கின.

அடியிலிருந்து ஏறிய தண்ணீர் அந்த வாயை மூடியது. ஓட்டை முழுக்க நிறைந்தது. ஒரு சொட்டுகூட வெளியே வழியவில்லை. அவள் விரல்களால் வாரி இறைத்தாள். இறைக்க இறைக்க நிறைந்தது. உதடுகள் அதற்குள் அசைந்துகொண்டே இருந்தன.