ஐந்து மணி லாரி

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அவள் சோதனை அறைக்குத் திரும்பியபோது, தகரக் கூரைக்குக் கீழே தொட்டித் தண்ணீர் பாசி வாடையோடு அசையாமல் கிடந்தது. சிறுபிள்ளைகளுக்கான லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றையும் எடை கட்டி இருபது நிமிடம் அதில் போட்டு, முழுகாவிட்டால் தாளில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இன்னும் நாற்பது பாக்கி. ஐந்து மணிக்கு லாரி வந்துவிடும்.

அதெல்லாம் நடக்கிற காரியமா? சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். நேரத்துக்கு முடிக்காதவர்களை நிரந்தரமாக்க முடியாது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அதோடு ஒரு ஜோக் வேறு.

"முங்கினவன் எவனும் வந்து கம்ப்ளெய்ன்ட் பண்ணதில்லம்மா. கையெழுத்தப் போடு."

வீட்டுக்காரருக்கு ஆறு மாதமாக வேலை இல்லை. நாற்பதுக்கும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு பேக்கிங்குக்கு அனுப்பினாள்.

அரை மணி கழித்துத் தொட்டியில் ஒரு ஜாக்கெட் கிடந்தது.

அதில் இருந்தது அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய நம்பர்தான். பேக்கிங்கில் இருக்கும் குண்டூசியின் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். குத்திக் குத்திப் பேசுவதால் வந்த பெயர் அது. இந்த வேலையைத் தன் தங்கைக்குக் கேட்டு மூக்குடைபட்டவள், காலை வாராமல் இருப்பாளா? ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நேரே அவளிடம் போனாள்.

குண்டூசி பெட்டிகளைக் காட்டினாள். ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது.

"உனக்கு முன்னாடி இருந்த அக்காவும் என்னைத்தான் சந்தேகப்பட்டாங்க," என்று கிசுகிசுத்தாள். "நான் அந்தத் தொட்டி பக்கமே போறதில்ல."

திரும்பி வந்தால், தொட்டியில் இன்னும் மூன்று.

மூன்றிலும், யாரோ போட்டிருப்பதுபோல, கொக்கிகள் மாட்டியிருந்தன.

அவள் கண்ணெதிரே மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக முழுகின. வெளியே எடுத்துப் பார்த்தாள். அவசரத்தில் தைத்த லட்சணம், ஓரமெல்லாம் பிரிந்து தண்ணீர் குடித்திருந்தது.

வேலை போனால் போகட்டும் என்று கையெழுத்துத் தாளைக் கிழித்துப் போட்டாள். சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்டி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அனுப்ப வேண்டாம் என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, வேறு தாளில் தன் கையெழுத்தைப் போட்டு லாரியை அனுப்பிவிட்டுத் தன் அறைக்கு நடந்தார்.

காய்ந்த சிமெண்ட் தரையில், அவர் பின்னாலேயே ஈரக் கால்தடங்கள் விழுந்தன.

ஒவ்வொன்றும் அவள் உள்ளங்கை அளவுகூட இல்லை.

அவள் கூப்பிடுவதற்குள் அவர் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"யாரு பாப்பா நீ? எப்படி உள்ள வந்த?"

நாற்காலி வேகமாகப் பின்னால் நகரும் சத்தம்.

"நீங்கல்லாம் யாரு?"